இடம் காட்டியவளுக்குத் தலை

“பாவாட கட்டிக்கினு முந்திரி அடியில குந்தினா மானா வரும்? மாப்பிள்ளதான் வருவான்.”

சொன்னது என் அத்தை மகன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பா சம்பளம் வாங்கக் கட்டைவிரலை மையில் தோய்ப்பார். பண்ருட்டி பஸ் எது, குறிஞ்சிப்பாடி பஸ் எது என்பதை அம்மா கண்டக்டர் போடும் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து டவுன்ஷிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய், க்வார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தவள் நான். என்னைப் பார்த்து யாராவது ‘உன்னால் முடியாது’ என்றால் அது எனக்கு ஒரு கேள்வித்தாள். விடை எழுதாமல் எழுந்திருக்க மாட்டேன்.

“வந்தா என்னா குடுப்ப மாமா?” என்று கேட்டேன்.

“எது வந்தா? மானா, மாப்பிள்ளயா?”

மறுபடியும் சிரிப்பு.

எங்கள் தெரு, நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கைத் தாண்டி இருந்தது. நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே அச்சில் வார்த்தது போன்ற க்வார்ட்டர்ஸ், குழாயில் தண்ணீர், வரிசையாக வேப்ப மரங்கள். இந்தப் பக்கம் எங்கள் கூரை வீடுகள். தெருவுக்குப் பின்னால் முந்திரித் தோப்பு. தோப்பு முடிகிற இடத்தில், சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண் மலை மாதிரி நிற்கும். கொட்டி வெகுகாலம் ஆன பக்கத்தில் புல்லும் முள்ளும் மண்டிப் புதராகிவிட்டது. பகலெல்லாம் மான்கள் அந்தப் புதரில் படுத்திருக்கும். முந்திரி பழுக்கும் மாதங்களில் விடியற்காலையில் தோப்புக்கு இறங்கி வரும்.

மான் வேட்டை கூடாது என்று சட்டம் இருந்தது எங்கள் தெருவுக்குத் தெரியும். ரேஞ்சர் ஆபீஸ் ஜீப் சத்தம் கேட்டால் வலைகள் வைக்கோலுக்குள் போய்விடும். முயலும் காடையும்தான் வழக்கம், மான் எப்போதாவது. அப்பாவிடம் மூங்கில் வில் ஒன்று இருந்தது. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவர் அதைத் தொடவில்லை. கூரையில் செருகியது செருகியபடி கிடந்தது. அதைப் பார்த்து அத்தை மகன் தனக்கு ஒன்று செய்துகொண்டான். கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டைக் கிழித்தால் உள்ளே நைலான் நூல் வரும். அதை முறுக்கினால் நாண். அம்பு நுனிக்கு இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு உடைந்ததைத் தேய்த்துக் கட்டினான். அவன் செய்ததைப் பார்த்து நானும் ஒன்று செய்தேன். என் வில் அவனுடையதைவிட ஒரு சாண் குட்டை. அதற்கும் சிரித்தான். தரையில் முட்டி போட்டபடி இழுப்பதற்கு அந்தக் குட்டை வில்தான் தோது என்பதைப் பிறகு அவனே ஒப்புக்கொண்டான்.

முந்திரித் தோப்பில் மானின் பின்னால் போக முடியாது. காய்ந்த இலை தரை முழுக்க அப்பளமாகக் கிடக்கும். கால் வைத்தால் நொறுங்கும். பரண் கட்டலாம் என்றால் கிளை தாங்காது. காத்திருக்க ஒரே இடம் மரத்தடிதான். வயதான முந்திரியின் கிளைகள் எல்லாப் பக்கமும் வளைந்து மண்ணைத் தொடும். உள்ளே புகுந்தால் கூடாரம். இலையைக் கையால் ஒதுக்கிவிட்டு வெறும் மண்ணில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஆள் வாடை மானுக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். விழுந்து புளித்த பழத்தின் வாடை பாதியை மூடிவிடும். மீதி, எங்கள் துணியிலும் தலைமுடியிலும் ஊறிப்போன நிலக்கரிப் புகை. அந்த மான்களுக்கு அது பிறந்த நாளிலிருந்து பழகிய வாடை.

முதல் மான் என் எதிரில் வந்து நின்றபோது எனக்கு வில் ஞாபகமே வரவில்லை. இருட்டு கலைந்துகொண்டிருந்தது. கிளைகளுக்கு வெளியே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. ஈர்க்குச்சி போன்ற கால்கள். பிறகு தலை கீழே வந்தது. பழத்தைக் கவ்வியது, மென்றது, சாறு தாடையில் ஒழுகியது, கொட்டையை மட்டும் பக்கத்தில் துப்பியது. மான் இப்படி ஒரு குழந்தையைப் போலத் துப்பும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. வில்லை நினைவுபடுத்திக்கொண்டு நாணை இழுத்தேன். புது நைலான், மூங்கில் நுனிக் காடியில் உரசி ‘கிரீச்’ என்றது. அவ்வளவுதான். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்த மான் அடுத்த நொடி இல்லை. அது உதைத்துவிட்டுப் போன மண் என் வாய்க்குள் இருந்தது.

இன்னொரு நாள் ஒரு கொம்பு மான் கிளைக்குள்ளேயே தலையை விட்டது. என் முழங்காலுக்கும் அதன் மூக்குக்கும் நடுவில் ஒரு முறம் வைக்கலாம். அவ்வளவு கிட்டத்தில் வில்லைத் தூக்கவே இடமில்லை. அதன் மூச்சுக் காற்று பாவாடையில் பட்டது. கண்ணைச் சிமிட்டினால் சத்தம் கேட்குமோ என்று பயந்தேன். அது என்னை ஒரு மண்மேடு என்று நினைத்திருக்க வேண்டும். தின்று முடித்துவிட்டு நிதானமாகப் பின்வாங்கியது. அது போன பிறகுதான் என் கால் மரத்துப்போயிருந்தது தெரிந்தது.

“வந்துச்சா?” என்று தெருவில் கேட்டான் அத்தை மகன்.

“வந்துச்சி.”

“மாப்பிள்ள?”

“மானு. உன்னாட்டம் பல்ல காட்டிக்கினு இல்ல. அழகா இருந்துச்சி.”

அந்தக் கொம்பு மானுக்காக மறுபடி உட்கார்ந்த ஒரு காலையில்தான் அதைக் கண்டுபிடித்தேன். நான் கண்டுபிடித்தேன் என்று அழுத்திச் சொல்கிறேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சுரங்கத்தில் காலை ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதியது. வெளியூரிலிருந்து வந்து தங்குகிற சொந்தக்காரர்கள் அந்தச் சத்தத்துக்குப் பாயிலிருந்து தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார்கள். எங்கள் தெருக் குழந்தைகள் புரண்டுகூடப் படுக்காது. தோப்பில் மேய்ந்துகொண்டிருந்த மான்களும் அப்படியே இருந்தன. ஒரு காதுகூட ஆடவில்லை. இலைச் சருகு அசைந்தால் பாய்கிற பிராணி, ஊரையே எழுப்புகிற அலறலுக்குத் தலை தூக்காமல் பழம் தின்றுகொண்டிருந்தது. நானும் அதுவும் ஒரே ஊர்க்காரர்கள் என்று தோன்றியது. அடுத்த நிமிஷம் வேறொன்று தோன்றியது. இந்தச் சங்கு ஊதி முடிகிறவரை நான் நகர்ந்தாலும் கேட்காது, நாண் முனகினாலும் கேட்காது.

அத்தை மகனிடம் சொன்னேன். “சங்கு ஊதறப்ப இழுக்கணும் மாமா. அது நின்னுப் போறதுக்குள்ள வுட்டுடணும்.”

“படிச்சவ மூள” என்றான். கேலியாகத்தான் சொன்னான். ஆனால் மறுநாள் காலையில் எனக்கு முன்னால் வந்து பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

அன்று கொம்பு மான் என் மரத்துக்கு நேராக, பக்கவாட்டில் நின்றது. சங்கு தொடங்கியது. இழுத்தேன். மூங்கில் முனகியது என் தோளுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. விட்டேன். மான் துள்ளி ஓடி, தோப்பு வரப்பைத் தாண்டுகிற இடத்தில் மடிந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முடிந்திருந்தது. வில்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் தெருவில் வேட்டைப் பங்குக்கு ஒரு முறை உண்டு. அடித்தவருக்குத் தொடை. நாய் கொண்டுவந்தவருக்கு நாய்ப் பங்கு. இடம் காட்டியவருக்குத் தலை. மீதியை எல்லா வீட்டுக்கும் கூறு போடுவார்கள். என்ன சண்டை இருந்தாலும் இந்த முறையில் ஒரு துண்டு பிசகாது. அன்று அறுத்துக் கூறு போட்டவர் எனக்குப் பெரியப்பா முறை. தொடையை எடுத்து அத்தை மகனிடம் நீட்டினார். யாரும் கேட்கவில்லை, யோசிக்கவும் இல்லை. ஆண் பிள்ளை நிற்கிறான், அவனுக்கு நீட்டினார்.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “எங்கிட்ட எதுக்கு நீட்டற பெரிய மாமா? அடிச்சவ அங்க நிக்கிறா.”

“பொட்டப் புள்ளைக்குத் தொடைக் கறியா?” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

“அம்பு பாவாடையப் பாத்துக்கினா போச்சி? மானப் பாத்துப் போச்சி. குடு பெரிய மாமா அவகிட்ட.”

தொடை என் கைக்கு வந்தது. இன்னும் சூடாக இருந்தது. பிறகு மார்க் ஷீட் வாங்கிய அன்றுகூட அத்தனை பேர் என்னைப் பார்க்கவில்லை. நான் அவனை நம்பியது அன்றைக்குத்தான். பிடித்திருந்தது அதற்கு முன்பே இருக்கலாம். பிடிப்பது வேறு. சபையில் என் பங்கை என் பெயரில் கேட்டு வாங்கித் தந்தவனை நம்பாமல் யாரை நம்புவேன்?

பரீட்சை தேறினேன். மெயின் பஜாரில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அந்தச் செலவைச் சமாளித்தேன். அவன் சுரங்கத்தில் மண் வேலை எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்டரிடம் ஆளாகச் சேர்ந்தான். அந்த நாட்களில் எங்கள் தெருவில் மனிதர்கள் இரண்டே வகை, பர்மனெண்ட், கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் ஆள் பர்மனெண்ட் ஆனால் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் குடிபோகலாம். அவன் பேச்செல்லாம் அதுவாகவே இருந்தது.

அடுத்த முந்திரிப் பருவத்தில்தான் காதறுந்தவளைப் பார்த்தேன். தோப்பின் கடைக்கோடியில், மண்மேட்டின் அடிவாரத்தில், சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் நீர் கசிந்து தேங்குகிற ஒரு பள்ளம் உண்டு. அதன் கரையில் ஒரு பெரிய முந்திரி. தெரு ஆட்கள் அவ்வளவு தூரம் வருவதில்லை. நான் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்தேன். பெண் மான் ஒன்று வந்தது. இடது காது நுனியிலிருந்து அடிவரை கிழிந்து இரண்டாகத் தொங்கியது. முள்வேலியில் மாட்டியிருக்க வேண்டும். அதன் பின்னால் ஒரு குட்டி.

சங்கு ஊதியது. நான் நாணை இழுத்துப் பிடித்தேன். அவள் தலை தூக்கவில்லை. குட்டிதான் தலை தூக்கியது. அதற்குச் சங்கு இன்னும் புதிது. அவள் தின்றுகொண்டே குட்டியின் முதுகில் ஒரு தடவை நக்கினாள். ஒன்றுமில்லை, தின்னு என்று சொன்ன மாதிரி இருந்தது. குட்டி தலையைக் குனிந்துகொண்டது. இந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று அவள் தன் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறாள். நான் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அம்போடு இருக்கிறேன். இழுத்த நாணை விடாமல் திரும்பக் கொண்டுவருவது எய்வதைவிடக் கஷ்டம். தோள் எரிந்தது. சங்கு நிற்பதற்குள் கொண்டுவந்துவிட்டேன்.

அதன் பிறகும் போனேன். வில் மடியில் இருக்கும், அம்பு கோக்க மாட்டேன். அவள் ஒரு கட்டத்தில் கிளைக்குள் தலையை விட்டு என் காலருகே கிடந்த பழத்தை எடுத்துத் தின்றாள். ஒரு முறை என்னை நேராகப் பார்த்தாள் என்றே நினைக்கிறேன். பார்த்தும் போகவில்லை. இதை நான் அத்தை மகன் ஒருவனிடம்தான் சொன்னேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டவும் செய்தேன். அவன் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான். திரும்பி வரும்போது, “உன்ன எனக்குக் கட்டிவைக்கச் சொல்லி வூட்ல கேக்கப் போறன்” என்றான்.

அத்தை வந்து பெண் கேட்டாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் மட்டும் அவனிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன்.

“என்னா? சைக்கிள் வேணுமா, மோதரம் வேணுமா?”

“காதறுந்தவ எடம் நம்ம ரெண்டு பேருக்குள்ளதான். யாரு கேட்டாலும் சொல்லக் கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்கறது.”

“அடிப்பாவி. ஒலகத்துல எவளும் இப்படி ஒரு சீரு கேட்டிருக்க மாட்டா.” சிரித்துவிட்டு, என் உள்ளங்கையில் ஓங்கி அடித்தான். “சத்தியம். என் வாயிலேர்ந்து வராது.”

பூ வைத்தார்கள். கல்யாணத்தை அறுவடைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

ஒரு நாள் அவன் தானாகவே சொன்னான், “எங்க கான்ட்ராக்டரு கேக்கறாரு, உங்க பக்கம் மானு இருக்காமேன்னு. மெட்ராஸ்லேர்ந்து விருந்தாளி வர்றாராம், துப்பாக்கிக்காரரு.”

“நீ என்னா சொன்ன?”

“எங்க பக்கமா? ஆடுதான் சார் இருக்கு, அதுவும் கடனுக்கு வாங்குனதுன்னு சொன்னன்.”

விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் வாயில் கசக்கிறது.

டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குக் கடலூர் போக வேண்டியிருந்தது. அம்மா முதல் நாளே தலையில் எண்ணெய் வைத்துப் பின்னி அனுப்பினாள். தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, மறுநாள் பரீட்சை எழுதினேன். விரல்கள் நான் சொன்னபடி ஓடின. குறிஞ்சிப்பாடி வழியாக பஸ்ஸில் திரும்பும்போது, இரண்டு பக்கமும் நெல் வயல்களைப் பார்த்துக்கொண்டு, இனி எந்த ஆபீசிலும் போய் உட்காரலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அம்மா மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“மாப்பிள்ள வந்துட்டுப் போனாரு. உன் பங்க குடுத்துட்டுப் போனாரு.”

“என்ன பங்கு?”

“தலடி. எடம் காட்டுனது நீதானாமே? இவ்ளோ பெரிய சேதி, எங்கிட்டகூட சொல்லல பாரு.”

மூலையில் வாழை இலையில் சுற்றி, மேலே சாக்கு போட்டு வைத்திருந்தது. நான் சாக்கை எடுத்தேன். இலையைப் பிரிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தெரியவில்லை. வேறு ஏதோ மான், வேறு எங்கோ, ஏதோ மரியாதைக்குக் கொடுத்திருக்கிறான் என்றுதான் என் மனம் ஓடியது. இலையைப் பிரித்தேன். இடது காது இரண்டாகப் பிளந்து கிடந்தது. கழுத்தில் அம்பு பட்ட காயம் இல்லை. பொத்தல் பொத்தலாகத் துப்பாக்கிச் சன்னம் பாய்ந்திருந்தது.

“என்னாடி அப்படியே குந்திட்ட? பரிச்ச சரியா எழுதலியா?” என்றாள் அம்மா.

விடிந்ததும் டீக்கடைக்குப் போனேன். கான்ட்ராக்ட் ஆட்கள் லாரிக்காக அங்கேதான் நிற்பார்கள். அவன் என்னைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டு வந்தான்.

“எப்ப வந்த? தலயப் பாத்தியா?”

“யாரு சுட்டது?”

“அந்த விருந்தாளிதான். நல்ல குறி.”

“துப்பாக்கி வெடிச்சா ஊருக்கே கேக்குமே. ரேஞ்சர் ஆபீசுக்குக் கேக்கலியா?”

அவன் முகம் மலர்ந்தது. அதை என்னால் மறக்க முடியாது. உண்மையிலேயே பெருமையாகத்தான் சொன்னான். “அங்கதான் உன் மூள. சங்கு ஊதறப்ப சுடுங்க சார்னு சொல்லிட்டன். ஊதிச்சி. அவ தலயக்கூடத் தூக்கல. ஒருத்தனுக்குங் கேக்கல. யாருய்யா இத கண்டுபுடிச்சதுன்னு அவரே அசந்துட்டாரு. நான் கட்டிக்கப்போற பொண்ணுதான், எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிருக்குதுன்னு சொன்னன்.”

“கையில அடிச்சி சொன்னியே மாமா.”

“சொன்னன். இல்லன்னு சொல்லல. யாருக்காவ செஞ்சன்? பர்மனெண்ட் ஆயிட்டா க்வார்ட்டர்ஸ். வூட்டுக்குள்ள கொழாத் தண்ணி. நீ ஆபீசுக்கு சைக்கிள்ள போயிடலாம். ஒரு மானுக்குப் போயி…”

“ஆயிட்டியா பர்மனெண்ட்?”

“மேல ஒரு வார்த்த சொல்றன்னு கான்ட்ராக்டரு சொல்லியிருக்காரு.”

பக்கத்து பெஞ்சில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கினார். “எங்கிட்டயுந்தான் சொல்லியிருக்காரு தம்பி. அப்ப எனக்கு மீச கறுப்பு.”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்குக் கோபம் வந்தது. கோபம் என் மேல் வந்தது. “உன் பங்க நான் மறந்தனா சொல்லு? எல்லாத்தையும் ஜீப்புல அள்ளிப் போட்டுட்டாங்க. தலைய மட்டும் வுட்டுடுங்க, எடம் காட்டுனவங்களுக்குத் தல, அது எங்க ஊரு மொறைன்னு நின்னு வாங்கியாந்தன்.”

“கேட்டதும் குடுத்துட்டாரா?”

“பொட்ட மானுக்குக் கொம்பு ஏது, அவரு செவுத்துல மாட்டவா போறாருன்னு…” பாதியில் நிறுத்திக்கொண்டான்.

லாரி வந்தது. அவன் ஏறிப் போனான்.

அவன் அந்தத் தலையைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அவள் வேறு தோப்புக்குப் போய்விட்டாள் என்று சில நாள் காத்திருந்துவிட்டு, அறுவடை முடிந்ததும் அவனைக் கட்டிக்கொண்டிருப்பேன். சத்தியத்தை உடைக்க முடிந்தவனுக்குப் பங்கு முறையை உடைக்க முடியவில்லை. அன்று சபையில் என் தொடையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் இதே நேர்மைதான் என்று அப்போது புரிந்தது. கறியைப் பங்கு போடுவதில் அவன் சுத்தம். அதைப் பார்த்துவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் அப்படித்தான் இருப்பான் என்று கணக்குப் போட்டேன். நம்பியது உன் தப்பு என்று பிறகு பலர் சொன்னார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. தலை என் வீட்டில் இருக்கிறவரை, தெருவைப் பொறுத்தவரை, இடம் காட்டியவள் நான்.

வீட்டுக்கு வந்து தலையை மறுபடி இலையில் சுற்றினேன். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

“வாணாம்டி. வூட்டுக்கு வந்த பங்கத் திருப்பிக் குடுத்தா ஒறவு அத்துப் போவும். பூ வச்சாச்சி.”

“தெரியும்மா.”

“மான் போனா போவுது. ஆம்பளைங்க இப்படித்தான் எதாவது…”

“மானுக்காவ மட்டும் இல்லம்மா. என் வாயில வந்தது அவன் வாய் வழியா அந்தாளு காதுக்குப் போயிருக்கு. நாளைக்கி வேற என்னா போவும்?”

பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்க, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு நடந்தேன். இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருக்கலாம். தலையில்தான் வைத்துக்கொண்டு போனேன். அத்தை வாசலில் முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கை முழுக்கக் கொட்டைப் பால் பட்டுக் கறுத்திருந்தது.

கூடையை அவள் முன்னால் இறக்கினேன். “எடம் காட்டுனது உங்க மவன் அத்த. தல அவருக்குத்தான் சேரும்.”

அத்தை இலையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். “எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச திமிரு” என்றாள்.

“ஆமா அத்த” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, கூரையில் செருகியிருந்த தன் வில்லை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

எனக்கு ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடம் இப்போது கான்ட்ராக்டருக்குத் தெரியும். விருந்தாளிக்குத் தெரியும். சங்கும் தெரியும். குட்டி அங்கேதான் இருக்கும். அதற்கு வேறு இடம் தெரியாது. சங்குக்குப் பயப்படாதே என்று அதற்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் அவள். நான் சொன்னதை நான் திரும்ப வாங்க முடியாது. அவள் சொன்னதை வேண்டுமானால் மாற்றலாம்.

மறுநாள் இருட்டு பிரிவதற்கு முன் கிளம்பினேன். வில்லை எடுக்கவில்லை. வீட்டில் காலியாக இருந்த பாமாயில் டின்னையும் ஒரு முருங்கைக் கட்டையையும் எடுத்துக்கொண்டேன். பள்ளத்துக் கரை முந்திரியின் அடியில், வழக்கமான இடத்தில், இலையை ஒதுக்கி உட்கார்ந்தேன். மண்ணில் இன்னும் ஜீப் டயர் தடம் இருந்தது.

நான்கைந்து மான்கள் வந்தன. கடைசியில் குட்டி வந்தது. தாயில் அரை உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று தின்றது. பிறகு, அவள் செய்தது போலவே, நேராக என் மரத்துக்கு வந்து கிளைக்குள் தலையை விட்டது. என் காலருகில் இருந்த பழத்தைக் கவ்வியது. அதன் மூக்கு ஈரம் தெரிந்தது. கையை நீட்டினால் தொடலாம். அதற்குமேல் கிட்டத்தில் எந்த மானும் என்னிடம் வந்ததில்லை.

சங்கு ஊதியது. குட்டி தலை தூக்கவில்லை.

டின்னை அதன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பலம் கொண்ட மட்டும் அடித்தேன். கத்தினேன். மண்ணாங்கட்டிகளை வாரி எறிந்தேன். குட்டி ஒரு கணம் என்னைப் பார்த்தது. அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால், அது என்னைத்தான் பார்த்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். பிறகு ஓடியது. எல்லாம் ஓடின. சங்கு நிற்கும்வரை நான் அடிப்பதை நிறுத்தவில்லை. அழுதேனா என்றால், அழுதேன். சங்கு சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். தெருவில் என்னைப் பைத்தியம் என்றார்கள். அத்தை மகன் ஒரு நாள் வழியில் நின்று, “மானு இனிமே உங்கிட்டயும் வராது, தெரியுதா?” என்றான். நான் அவனைச் சுற்றிக்கொண்டு போனேன்.

பிறகு ஒரு காலையில், சங்கு முழு அலறலாக எழுவதற்கு முன்னால் அடித்தொண்டையில் முனகுமே, அந்த முனகலிலேயே எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. குட்டியின் தலைதான் முதலில் நிமிர்ந்தது. நான் கட்டையை ஓங்கவேயில்லை. மண்மேட்டுப் புதருக்குள் அவை போய்விட்டன.

டின்னை எடுத்துக்கொண்டு, சங்குக்கு இன்னும் பயப்படாத மான்கள் மேய்கிற அடுத்த தோப்புக்கு நடந்தேன்.